ஒப்பீட்டு மாதிரி

தார்த்து நகரில் ஜனவரி மாதம்
ஒன்பது மணிக்குத்தான் விடியும். இன்று அதுவும் இல்லை.
வருவதாய்ச் சொன்ன கொடையாளி
பனிப்புயலில் பேருந்து ஓடாமல்
வல்காவிலேயே நின்றுவிட்டார்.

முப்பத்தொன்றாம் எண் நோயாளியின் இரத்தம்
வந்துவிட்டது. காத்திருக்காது.
பக்கத்தில் வைத்துப் பார்க்க
நலமான ஆள் ஒருத்தர் வேண்டும்.
"கெர்து, நீ நலம்தானே?" என்றான் அஹ்தோ.
இந்தக் குளிர்காலம் முழுக்க
யாரும் என்னைக் கேட்காத கேள்வி.
படிவத்தில் கையெழுத்து எப்போதோ போட்டதுதான்.
சட்டைக் கையை மடித்தேன்.

இருட்டறை. எந்திரத்தின் சீரான முனகல்.
என் வெள்ளையணுக்கள் ஒற்றை வரிசையில்
நீல லேசருக்குத் தலைகாட்டிப் போகின்றன,
சுங்கச்சாவடியில் போல.
வேண்டிய துளி இடப்பக்கம் சாய்கிறது.
மற்றதெல்லாம் கழிவு.
அஹ்தோ தேடுவது சண்டைக்காரர்களை அல்ல,
சண்டை நடுவே புகுந்து
போதும், விடு என்கிற அணுக்களை.
நூறில் ஒன்று தேறினால் அதிகம்.

(காலையில் ரெய்னுவோடு நான் கத்தியது
பனி அள்ளும் மண்வாரிக்காக.
யார் அதை வெளியே விட்டது என்று.
இருபது நிமிடம்.)

நாற்பதாயிரத்துச் சொச்சம் கிடைத்தன.
குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்:
அடியில் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான்.

கரைசலை விட்டதும் அத்தனையும் உடைகின்றன.
சத்தமில்லை. அழுகிய முட்டை நாற்றம் மட்டும்.

டி.என்.ஏ. கல்வெட்டு.
மண்ணில் கிடந்தாலும் பிறகு படிக்கலாம்.
நான் எடுக்கப்போவது ஆர்.என்.ஏ., வாய்ப்பேச்சு.
அந்த நிமிடத்தில் ஓர் அணு
தனக்குள் முணுமுணுத்தது.
சொல்லி முடித்ததும் அழியவேண்டியது.
அழிக்கும் நொதியோ எங்கும் இருக்கிறது:
எச்சிலில், வியர்வையில், என் விரல் நுனியில்.
கொதிக்கவைத்தாலும் சாகாது.
தன் கையே தனக்குதவி என்பதெல்லாம்
இந்தக் கதவுக்கு வெளியே.
மூன்றாம் ஜோடி கையுறை.
மூக்கு அரிக்கிறது. அரிக்கட்டும்.

சல்லடைக் குழாயில் ஊற்றிச் சுழற்றினேன்.
இனிக் கழுவவேண்டும்.
கழுவும் திரவத்தின் புட்டியை எடுத்தால்
மூடியில் குறி இல்லை.
எத்தனால் கலந்தால் மூடியில் ஒரு கோடு போடவேண்டும்,
ஆய்வகத்தில் மாறாத ஒரே சட்டம்.
கலக்காததை ஊற்றினால்
ஒட்டியிருப்பதெல்லாம் வழிந்து சாக்கடைக்குப் போகும்.
கலந்ததில் மறுபடி கலந்தால்
என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது.
வியாழக்கிழமை திறந்தவன் மாரியோ.
போனை எடுக்கவில்லை.
பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் புட்டியை முகர்ந்தேன்,
கள்ளச்சாராயம் பிடிக்கும் போலீஸ்காரன்போல.
குப்பென்று அடித்தது.
மாரியோவைத் திட்டிக்கொண்டே
மூடியில் கோடு போட்டேன், இரண்டு.
நாலாம் ஜோடி கையுறை.

கடைசித் தண்ணீர் பதினான்கு மைக்ரோலிட்டர்.
கண்ணீர்த் துளியில் பாதிகூட இராது.
சல்லடையின் நட்டநடுவில் விட்டு
ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும்.
அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேலை எதுவும் இல்லை.
நாற்பதாயிரம் பேர் எனக்குள்
போதும் போதும் என்றிருக்கிறார்கள்.
எனக்குக் கேட்கவே இல்லை.
அல்லது அவர்கள் சொன்னது வேறோ.
வாசிக்கக் கொடுத்தால் ஆறு வாரம் ஆகும்.

மாலை மூன்றரை. வெளியே இருட்டிவிட்டது.
திரையில் இரண்டு கூர்முகடுகள், உடையாமல்.
தர எண் ஒன்பது புள்ளி ஒன்று.
அஹ்தோ எட்டிப் பார்த்தான்:
"நல்லாத்தான் இருக்கே."
என்னையா, மாதிரியையா? கேட்கவில்லை.

மைனஸ் எண்பதில் பெட்டியைத் திறந்து
நலம்-7 என்று எழுதிய குழாயை
முப்பத்தொன்றுக்குப் பக்கத்துக் குழியில் இறக்கினேன்.
அந்த எண்ணைப் பற்றி நான் அறிந்தது
வயது பதினொன்று, சிறுமி,
வீங்கிய முழங்கால், இடது.
அவள் அணுக்களும் போதும் என்றிருக்குமா,
சொல்லியும் எதுவும் நிற்கவில்லையா?

கையுறையைக் கழற்றினேன்.
விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.
அந்த வெறும் விரலால்
மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினேன்.
மண்வாரி
இன்னும் வெளியேதான் கிடக்கும்.